ஒரு திரை, ஐந்து பிள்ளைகள்: வகுப்பில் சேர்ந்து கற்கத் தொழில்நுட்பம் எப்படி உதவும்?

காவிரி டெல்டாவில் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளியின் கணினி அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். திருவாரூர்ப் பக்கமோ பட்டுக்கோட்டைப் பக்கமோ, காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கணினி முன்னால் நாலைந்து பிள்ளைகள் இருப்பார்கள். மவுஸ் ஒருவன் கையில். பக்கத்தில் இருப்பவள் திரையை விரலால் தொட்டுக் காட்டி ஏதோ சொல்கிறாள், அவன் காதில் வாங்குவதில்லை. பின்னால் நிற்கும் இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆனால் ஐந்து பேரும் கணினியில் குழுவாகக் கற்றதாகத்தான் அன்றைய கணக்கு.

இன்று பல பள்ளிகளில் ஏதோ ஒரு வடிவில் திரை இருக்கிறது. ஹைடெக் லேப் இருக்கலாம், ஸ்மார்ட் போர்டு இருக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் ஆசிரியரின் சொந்த போன். இவற்றை வைத்துப் பிள்ளைகளைச் சேர்ந்து கற்க வைக்க முடியுமா என்றால், நன்றாகவே முடியும். ஆனால் எந்தக் கருவியையும் வகுப்புக்குள் கொண்டுபோகுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் பேச வைக்குமா, இல்லை எல்லோரையும் திரையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார வைக்குமா? விலை, வேகம், படத்தின் துல்லியம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சேர்ந்து செய்வது, சேர்ந்து யோசிப்பது

"காவிரி" என்று ஒரு சார்ட் தயாரிக்கச் சொல்கிறோம். ஒருத்தி படம் வரைகிறாள், ஒருவன் வண்ணம் அடிக்கிறான், கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை எழுதுகிறது, நாலாவது பிள்ளை பசை தடவுகிறது. சார்ட் அழகாக வந்துவிடும். ஆனால் பசை தடவிய பிள்ளைக்குக் காவிரியைப் பற்றி என்ன தெரியும்? வேலையைப் பங்கு போட்டார்கள், யோசனையைப் பங்கு போடவில்லை.

சேர்ந்து கற்பதற்கு முதல் தேவை, தனியாக ஒருவரால் முடிக்க முடியாத ஒரு வேலை. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்ன கருத்து இங்கே உதவும். ஒரு பிள்ளை தானாகச் செய்யக்கூடியது ஓர் எல்லை. கொஞ்சம் கூடத் தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியது அதற்கு மேலே இன்னோர் எல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. அந்தத் துணை ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இதை வகுப்பில் கட்டி எழுப்பிக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன். 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது சண்டையும் சச்சரவுமாக இருந்தது. அவர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். மற்ற துண்டுகள் வேண்டுமென்றால் அடுத்தவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதை ஜிக்சா முறை என்பார்கள்.

நம் ஊரில் இதற்குப் பொருத்தமான பாடம் தேடி அலைய வேண்டாம், கல்லணை இருக்கிறது. கல்லணையில் ஆறு நாலாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய். நால்வர் குழுவில் ஆளுக்கு ஓர் ஆறு. காவிரியை எடுத்த பிள்ளை கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை போய்ப் பார்க்கும். வெண்ணாற்றுக்காரர் நீடாமங்கலத்தில் அது கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரிவதைக் கண்டுபிடிப்பார். புது ஆற்றுக்காரருக்கு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி. கொள்ளிடத்தை எடுத்தவருக்கு வெள்ளக் காலத்துக் கதை. ஒரே ஆற்றை எடுத்த பிள்ளைகள் முதலில் தனியாகக் கூடி, சாட்டிலைட் வரைபடத்தில் ஆற்றின் போக்கைத் தொடர்ந்து பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டு, பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்புகிறார்கள்.

அப்புறம் கேள்வியைப் போடுங்கள்: "கல்லணைக்கு வரும் தண்ணீர் ஒரு வாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு விடுவீர்கள்?" நாலு பேரும் பேசாமல் இதற்கு விடை இல்லை. கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி, என்றால் என்ன என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வாதம் சூடாகவே இருக்கும், இருக்கட்டும். இங்கே தொழில்நுட்பத்தின் பங்கு ஒரு வரைபடம், ஒரு திரை, அவ்வளவுதான். பேச்சைப் பிறப்பித்தது பாடத்தைப் பிரித்த விதம்.

பேச்சிலும் வகை உண்டு

பிள்ளைகள் பேசினால் போதுமா? போதாது. இங்கிலாந்தில் நீல் மெர்சரும் அவரோடு வேலை செய்த ஆய்வாளர்களும் 1990களில் கணினி முன் குழுவாக உட்கார்ந்த பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து கேட்டார்கள். மூன்று வகை தெரிந்தது. ஒன்று, "இதுதான் சரி", "இல்லை, அதுதான் சரி" என்ற வெறும் மல்லுக்கட்டு. இரண்டாவது, ஒருவர் சொன்னதற்கெல்லாம் மற்றவர் தலையாட்டுவது. மூன்றாவது, "ஏன் அப்படிச் சொல்றே?" என்று காரணம் கேட்டு, காரணம் சொல்லி, சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவது. கற்றலுக்கு அதிகம் உதவுவது மூன்றாவது வகை. அது தானாக வருவது அரிது.

ஆகவே அவர்கள் பேச்சுக்கான விதிகளையே பாடமாகக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் விடையை அழுத்த வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளைகள் பின்னால் தனியாக எழுதிய பகுத்தறியும் திறன் தேர்விலும் முன்னேறியிருந்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிச் செய்திதான். சேர்ந்து பேசிய பேச்சு, ஒவ்வொரு பிள்ளையின் தனி யோசனைக்குள்ளும் போய்ச் சேர்கிறது.

நம் பிள்ளைகளிடம் இந்த விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டினால் மட்டும் ஆகாது. ஆசிரியரும் ஒரு மாணவரும் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து பேசிக் காட்ட வேண்டும். "எனக்கு வேற மாதிரி தோணுது, ஏன்னா..." என்று ஆரம்பிக்க ஒரு பிள்ளைக்குத் தைரியம் வர, அதை ஆசிரியர் வாயிலிருந்து முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஐந்து மவுஸ்

இனி அந்த ஒற்றை மவுஸ் விஷயத்துக்கு வருவோம். பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வகத்தில் இருந்தவர்கள் இந்தியக் கிராமப் பள்ளிகளில் இதே காட்சியைப் பார்த்துவிட்டு எளிய ஒரு யோசனைக்கு வந்தார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து கணினி வாங்க முடியாது. ஒரே கணினியில் ஐந்து மவுஸ் மாட்டினால் என்ன? திரையில் ஐந்து நிறத்தில் ஐந்து அம்புக்குறி. மவுஸ் விலை கணினி விலையில் ஒரு துளி.

2007இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 238 பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைக் கற்றார்கள். ஐந்து பேர் ஐந்து மவுஸோடு ஒரு கணினியில் கற்றதும், ஒரு பிள்ளை தனக்கென்று ஒரு கணினி வைத்துக்கொண்டு கற்றதும் மொத்தத்தில் சமமாகவே இருந்தன. இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதைவிட யோசிக்க வைக்கும் செய்தி இன்னொன்று. மென்பொருளை அவர்கள் இரண்டு விதமாகச் செய்திருந்தார்கள். ஒன்றில் பிள்ளைகள் முந்திக்கொண்டு போட்டி போடலாம். மற்றதில் சேர்ந்து முடிவெடுத்தால்தான் நகர முடியும். இந்தச் சின்ன மாற்றத்துக்கே பிள்ளைகள் நடந்துகொண்ட விதமும் கற்ற அளவும் பெரிதாக மாறின. அதிலும் பெண் பிள்ளைகள் எந்த முறையிலும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றார்கள். பையன்கள் கற்றதுதான் முறையைப் பொறுத்து ஏறி இறங்கியது.

"யார் ஃபர்ஸ்ட்?" என்று மின்னும் ஒரு வினாடி வினாச் செயலியைப் பார்த்தால் நமக்கு வகுப்பு உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். சத்தம் இருக்கும், கைதட்டல் இருக்கும். ஆனால் மெதுவாக யோசிக்கும் பிள்ளைக்கு அதில் இடமே இருக்காது. வாரத்தில் ஒரு நாள் போட்டி வைத்தால் தவறில்லை. தினமும் அதுவே ஆனால், சேர்ந்து கற்க வைக்கிறோம் என்று அதைச் சொல்ல முடியாது.

ஒரு போன், கொஞ்சம் அட்டைகள், 100 கிலோ நெல்

எனக்கு மிகவும் பிடித்த முறையில் பிள்ளைகள் கையில் எந்த மின்கருவியும் கிடையாது. பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு காகித அட்டை. அட்டையின் நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. தன் விடை எழுத்து மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடித்தால், ஆசிரியரின் போன் கேமரா வகுப்பு முழுவதையும் சில விநாடிகளில் படித்துவிடும். ஒவ்வோர் அட்டையின் கட்டமும் வேறு வேறாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடையைத் திருப்புவது சுலபமில்லை. யார் எதைச் சொன்னார்கள் என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியும். கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

அட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்த முறை வழிகாட்டும். கேள்வி கேட்கிறோம். முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்கிறார்கள். சரியான விடையை உடனே வெளியிடக் கூடாது. "பக்கத்தில் உள்ளவரை ஒத்துக்கொள்ள வையுங்கள்" என்று பேச விட்டு, மறுபடி விடை கேட்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு விழுக்காடு கணக்குக்கு இப்படி ஒரு கேள்வி: "டிபிசியில் (நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்) 100 கிலோ நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்தார்கள். 22 விழுக்காடு. காயவைத்து 17 விழுக்காட்டுக்குக் கொண்டு வந்தால் எடை எவ்வளவு இருக்கும்?" விடைகள்: 95 கிலோ, ஏறக்குறைய 94 கிலோ, 83 கிலோ, 78 கிலோ.

அப்பா களத்தில் நெல்லைக் கொட்டி, மாய்ஸ்ச்சர் கூட இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, சாலையில் காயவைத்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது வெறும் கணக்கு இல்லை. 22இலிருந்து 17 என்றால் 5 குறைகிறது, அதனால் 95 என்றுதான் மனசு முதலில் சொல்லும். பெரியவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். இப்போது பேச விடுங்கள்.

"ஈரம்தானே போவுது, நெல்லு அப்படியேதானே இருக்கு?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அங்கே பூட்டு திறக்கிறது. ஈரம் 22 கிலோ என்றால் ஈரம் இல்லாத நெல் 78 கிலோ. காய்ந்த பிறகும் அந்த 78 கிலோ மாறாது. ஆனால் இப்போது அது மொத்த எடையில் 83 விழுக்காடு. 78ஐ 83ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 93.98. ஒரு கிலோதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 40 கிலோ சிப்பமாக 100 சிப்பம் கொண்டுபோனால், 95 என்று போட்ட கணக்குக்கும் உண்மைக்கும் நடுவில் சுமார் 41 கிலோ. ஒரு சிப்பம் எங்கே போனது என்று வீட்டில் குழம்புவார்கள்.

இந்தக் கேள்வியில் போன் செய்தது என்ன? வகுப்பில் எத்தனை பேர் 95 என்று நினைக்கிறார்கள் என்பதை ஆசிரியருக்கு உடனே காட்டியது. சுமார் 30 முதல் 70 விழுக்காடு பேர் சரியாகச் சொல்லியிருந்தால் பிள்ளைகளைப் பேச விடுவது நல்ல பலன் தரும். அதற்கும் குறைவு என்றால் விளக்க ஆளில்லை, ஆசிரியரே மறுபடி நடத்த வேண்டும். அதைவிட அதிகம் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். கைதூக்கச் சொன்னால் முன் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சும் தூக்கிவிடும், அதனால் கிடைக்கும் எண்ணிக்கையை நம்ப முடியாது.

யோசனைக்கு ஒரு சுவர்

பேச்சுக்கு ஒரு குறை உண்டு, காற்றில் போய்விடும். நேற்று ஒரு பிள்ளை சொன்ன நல்ல கருத்தை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கனடாவின் டொராண்டோவில் மார்லீன் ஸ்கார்டமாலியாவும் கார்ல் பெரைட்டரும் 1980களிலேயே இதற்கு ஒரு மென்பொருள் செய்தார்கள். 1990களின் கடைசியில் அது நாலெட்ஜ் ஃபோரம் என்ற பெயரில் புது வடிவம் எடுத்தது. பிள்ளைகள் தங்கள் யோசனையைக் குறிப்பாக எழுதி எல்லோரும் பார்க்கும் பொது இடத்தில் வைப்பார்கள். அடுத்த பிள்ளை அந்தக் குறிப்பின் மேல் தன் குறிப்பைக் கட்டும். எழுதத் தொடங்க அதில் சில சொற்றொடர்கள் தயாராக இருக்கும்: "என் கருத்து", "எனக்குப் புரிய வேண்டியது", "புதுத் தகவல்", "இந்தக் கருத்தால் விளக்க முடியாதது". கடைசிச் சொற்றொடர் எனக்கு அருமையாகப் படுகிறது. நண்பனின் கருத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதை அது சண்டை இல்லாமல் செய்யச் சொல்லித் தருகிறது.

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத் தோராயமாகச் சொல்லும் கருவி அது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக் கைப்பம்பு, குளம், வாய்க்கால் என்று ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வரட்டும். தனியாகப் பார்த்தால் அது ஓர் எண், அவ்வளவுதான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது இந்தியத் தர எல்லை, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்று ஒப்பிடலாம். ஆனால் முப்பது பிள்ளைகளின் எண்களும் ஒரே வரைபடத்தில் ஏறினால் கேள்விகள் கிளம்பும். கடலை நெருங்க நெருங்க எண் ஏறுகிறதா? அங்கங்கே மட்டும் ஏன் குறைகிறது? கடலோர மணல் திட்டில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காமல் இருப்பது எப்படி? மணலில் இறங்கிய மழைநீர் அடியில் உள்ள உப்புநீரை விட அடர்த்தி குறைந்தது, அதனால் அதன் மேலே தங்கி நிற்கிறது என்ற விளக்கத்துக்கு வகுப்பு தானாக நடந்து வரட்டும். வர ஒரு வாரம் ஆனாலும் சரி.

இதைப் பேட்லெட் போன்ற இணையப் பலகையிலோ கூகுள் ஷீட்டிலோ செய்யலாம். தமிழில் தட்டச்சு பழகாத பிள்ளைகள் போனில் பேசி எழுத வைக்கலாம், குரலையே பதிவு செய்து ஒட்டலாம். இணையம் இல்லையா, வகுப்புச் சுவரில் சார்ட்டை ஒட்டி, துண்டுக் காகிதங்களில் எழுதி, நாள் முடிவில் போனில் படம் எடுத்து வைத்தாலும் வேலை நடக்கும். அடுத்த நாள் அந்தப் படத்தை ஸ்மார்ட் போர்டில் பெரிதாகப் போட்டு "நேற்று இங்கே நிறுத்தினோம்" என்று தொடங்கலாம்.

இணையம் பற்றிச் சொல்லும்போது கொலிப்ரி என்ற மென்பொருளையும் சொல்ல வேண்டும். பாடங்களையும் பயிற்சிகளையும் ஒரு சின்னக் கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டால், வெளி இணையம் இல்லாமலேயே அறைக்குள் வைஃபை வழியாகப் பிள்ளைகள் பார்க்கலாம். புயல் மழைக் காலத்தில் தொடர்பு அறுந்துபோகும் நம் பகுதிக்குப் பயனுள்ளதுதான். ஆனால் அது முதன்மையாகத் தனித்தனியாகப் பார்த்துக் கற்பதற்கான கருவி. சேர்ந்து கற்க வேண்டுமென்றால் இருவருக்கு ஒரு டேப்லெட் கொடுத்து, ஒருவர் வழி சொல்ல, மற்றவர் விரல் வைக்க, பாதியில் மாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒன்று கொடுக்க வசதி இருந்தாலும் குழுவுக்கு ஒன்று கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம்.

பழைய திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். அது பெருமைக்குரிய மரபு. 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் பள்ளியில் கொண்டு வந்தார். அது இங்கிலாந்து வரை பரவி மதராஸ் முறை என்று பெயர் பெற்றது. ஆனால் சட்டாம்பிள்ளைக்கு விடை முன்பே தெரியும். நாம் இங்கே பேசுவது, குழுவில் யாருக்கும் விடை முழுதாகத் தெரியாத நேரத்தைப் பற்றி.

பிள்ளைகளின் படம், குரல், பெயர் எதையும் பொது இணையத்தில் போட வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. செயலியில் பெயருக்குப் பதில் வரிசை எண் போதும்.

இதையெல்லாம் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு பாடவேளை, ஒரு நல்ல கேள்வி, நாலு பேர் கொண்ட குழுக்கள். கேள்வியைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பிள்ளைகள் பேசும்போது ஆசிரியர் மேசைக்குப் போய் உட்காராமல், குழுக்களுக்கு நடுவே நடந்து, யார் வாயே திறக்கவில்லை என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். அடுத்த முறை மவுஸையோ டேப்லெட்டையோ அந்தப் பிள்ளையின் கையில் முதலில் கொடுங்கள். சத்தம் வரும். தலைமை ஆசிரியரிடமும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.